படகு ஓடுது அங்கே, பாளம் வெடிக்குது இங்கே!

(பெரியாறு தண்ணீரில் சிவகங்கை மாவட்டக் கடைமடைக்கு உரிய பங்கு கேட்டு நடத்தவிருக்கும் காத்திருப்புப் போராட்டத்தின் விளக்கக் கூட்டத்தில், காரைக்குடியில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



மேடைக்கு ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக் கேட்டார். "ஏம்ப்பா, நம்ம காரைக்குடிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெஞ்சா கண்மாய் பெருகும், இல்லேன்னா இல்லை. பெரியாத்துத் தண்ணிக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஜனவரி 15ஆம் தேதி, பென்னிகுவிக் பிறந்த நாளுக்குச் சங்கத்தில் நாற்பது பேர் பஸ் பிடித்து லோயர் கேம்ப் போனோம். 2013இல் திறந்த அவருடைய மணிமண்டபத்தில் பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். வந்ததுதான் வந்தோம், தேக்கடியையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று குமுளி ஏறினோம். சீட்டு வாங்கிப் படகில் உட்கார்ந்தோம். கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர். கரையில் யானை. எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஏரிக்குள்ளே ஒன்றைப் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாகப் பட்ட மரங்கள் தண்ணிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நம்ம சம்சாரி ஒருத்தர், "ஏரிக்குள்ள எப்படிய்யா மரம் வந்துச்சு?" என்று கேட்டார். அதுதான் கேள்வி! அது ஏரி இல்லை. அது ஒரு காடு. அணையைக் கட்டி ஆற்றை மறித்ததால் முங்கிப்போன காடு. நூற்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த மரக்கட்டைகள் தண்ணிக்குள்ளேயே நின்று சாட்சி சொல்லுது. படகில் விளக்கம் சொன்ன தம்பி யானையைச் சொன்னார், புலியைச் சொன்னார், பறவையைச் சொன்னார். இந்தத் தண்ணி யாருக்காகத் தேக்கினது என்று மட்டும் சொல்லவில்லை.

யாருக்காகத் தேக்கினது? கொடைக்கானல் ஏரி இருக்கு. 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை வெட்டினது. உலாவவும் படகு விடவும் வெட்டினார்கள், விடுகிறார்கள். அதில் நமக்கு வழக்கில்லை. தேக்கடி அப்படி இல்லை அய்யா! அது வயலுக்காகக் கட்டின அணை. வந்து சேர்ந்ததுதான் படகு.

இன்னும் சொல்கிறேன் கேளுங்கள். பெரியாற்றைக் கிழக்கே திருப்பணும் என்கிற யோசனை வெள்ளைக்காரனுக்கு முதலில் வந்தது இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, விவரம் தெரிந்த 12 பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். முடியும் என்று வந்து சொன்னார்கள், காசுதான் இல்லை. 1808இல் கால்டுவெல் என்கிற வெள்ளைக்கார இன்ஜினியர் போய்ப் பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று எழுதி வைத்தார். 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்காருக்குக் கண் திறந்தது.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் ராஜாவோடு 999 வருஷக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். கர்னல் பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணையை எழுப்பினார். வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போக, திரும்பவும் கட்டினார்கள். மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான கூலிக்காரர்கள் அங்கேயே மாண்டார்கள். 1895 அக்டோபர் 10ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

நாம் 1985 வரைக்கும் ராமநாதபுரம் ஜில்லா. அந்தப் பிரதானி நினைத்தது இந்தச் சீமையை நினைத்து. ஆக, அந்தத் தண்ணீருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற பெரியவருக்கு என் முதல் பதில்: அந்த யோசனை பிறந்ததே நம்ம சீமைத் தாகத்தில்தான்!

இப்போது தண்ணீர் வருகிற பாதையைப் பாருங்கள். அணையில் 104 அடிக்கு மேலே நிற்கிற தண்ணிதான் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வரும். அதற்குக் கீழே உள்ளது நமக்கு எந்தக் காலத்திலும் வராது. படகுக்கும் யானைக்கும் அது அங்கேயே இருக்கும். அதை நாம் கேட்கவும் இல்லை. மேலே நிற்கிற தண்ணிக்குத்தான் இத்தனை வருஷச் சண்டை.

152 அடி தேக்க வேண்டிய அணையை 1979இல் 136 அடிக்கு இறக்கினார்கள். பலப்படுத்தும் வரைக்கும் என்றார்கள். மேலே கான்கிரீட் தொப்பி போட்டு, இரும்புக் கயிறு இறக்கி, பின்னால் கான்கிரீட் சுவரும் முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தியாச்சு. அப்பவும் ஏத்தலை. 2006 பிப்ரவரி 27இல் 142 அடிக்கு ஏத்தலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அடுத்த மாசமே கேரள சட்டசபையில் அதற்குத் தடையாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7இல் தீர்ப்பு வந்தது. அந்த வருஷம் நவம்பரில் 35 வருஷத்துக்குப் பிறகு தண்ணி 142 அடியைத் தொட்டது. அன்றைக்கு நாமும்தான் வெடி போட்டோம், மிட்டாய் கொடுத்தோம்.

வெடி போட்டோமே, தண்ணி வந்ததா?

கேரளத்து விவசாயி நமக்கு எதிரி இல்லை. அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்களுடைய பயத்தை நாம் கேலி பண்ணக் கூடாது. அணையைப் பலப்படுத்த வேண்டும் என்பதுதான் அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. ஆனால் ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிக் காட்டியே எல்லைக்கு இந்தப் பக்கம் நடக்கிற அநியாயத்தை மறைத்துவிட்டார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அதைத்தான்.

சுரங்கத்தில் இறங்கின தண்ணி மின்சாரம் எடுத்து, கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி வைகை அணைக்கு வருது. அங்கிருந்து பேரணை. பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரியுது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயில் ஒருபோகம், 19,439 ஏக்கர். இதுக்கும் அப்புறம்தான் நம்ம மாவட்டம். ஷீல்டு கால்வாய், லெசிஸ் கால்வாய், 48வது மடைக் கால்வாய், கட்டாணிப்பட்டி ஒன்று, கட்டாணிப்பட்டி இரண்டு. இந்த ஐந்தும்தான் சிவகங்கைக் கண்மாய்களின் தொண்டைக்குழி.

48வது மடை! பேரைக் கவனியுங்கள். முன்னாடி உள்ள மடை எல்லாம் குடித்தது போக நமக்கு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ரசம் இருக்கும், சோறு இருக்காது. அந்தக் கதைதான் நம்ம கதை. அணை திறக்கிற உத்தரவில் திண்டுக்கல், மதுரை, சிவகங்கை என்று மூன்று மாவட்டத்தின் பேரும் இருக்கும். பேரு காகிதத்தில வருது, தண்ணி கால்வாயில வரலை! முறை வைத்துத் திறக்கிறார்கள். தண்ணி மேலூரைத் தாண்டி நம்ம எல்லையைத் தொடுகிற நேரத்தில் முறை முடிந்துவிட்டது என்று அடைக்கிறார்கள். நாற்று முற்றிப்போய், நட்ட பயிர் வாடி, பாளம் வெடித்த வயலைப் பார்த்துக்கொண்டு நின்ற சம்சாரிகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரு தடவை மனு எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். "உங்களுக்கு இவ்வளவு என்று எதிலேயும் எழுதி இல்லையே" என்றார். எழுதி இல்லை! அதுதான் மூலக் கோளாறு. வைகைப் பூர்வீகப் பாசனத்தில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பங்கு இருக்கு. கூடக்குறைய வந்தாலும் எங்கே எனது 3 என்று சட்டையைப் பிடித்துக் கேட்க முடியுது. பெரியாற்றுத் தண்ணியில் நம்ம ஐந்து கால்வாய்க்கும் அப்படி ஒரு பங்கு வேண்டும். பிச்சை இல்லை, பங்கு!

மேலூர் விவசாயியின் வாயில் மண்ணைப் போட்டு எங்களுக்குக் கொடு என்று கேட்கவில்லை. அவனும் நம்ம ஆளு, அவனும் தவிக்கிறவன்தான். இருக்கிற தண்ணி பத்து நாள் என்றால் பத்து நாளில் எங்கள் நாள் எது என்று சொல்லு. குறைவு என்றால் குறைவை எல்லோருக்கும் பங்கு போடு. அவ்வளவுதான்.

இப்போது பெரியவருக்கு இரண்டாவது பதில். நம்ம மாவட்டத்தில் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேலே உள்ள கண்மாய் பெருகிக் கலுங்கு பாய்ந்தால்தான் கீழே உள்ள கண்மாய்க்குத் தண்ணி. மேற்கே கண்மாய் காய்ந்தால் கிணறு வற்றும், மாடு சந்தைக்குப் போகும், ஆள் திருப்பூருக்குப் போவான். வானம் பார்த்த நாமும் வாய்க்கால் பார்த்த அவர்களும் தனித்தனியாகப் போய் நின்றால் இரண்டு மனு. சேர்ந்து போய் உட்கார்ந்தால் ஒரு மாவட்டம்! நாளைக்கு நம்ம கண்மாய் வரத்துக்கால் ஆக்கிரமிப்புக்குப் போராடும்போது அவர்கள் நம்மோடு வந்து நிற்பார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. அணை திறக்கும் உத்தரவிலேயே சிவகங்கை மாவட்டத்தின் ஐந்து கால்வாய்களுக்கும் எத்தனை கனஅடி, எத்தனை நாள் என்று தனியாக எழுத வேண்டும்.

2. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த நாளில் இருந்துதான் எங்கள் முறை நாளைக் கணக்கிட வேண்டும்.

3. செப்டம்பரில் ஒருபோகத்துக்குத் திறப்பதற்கு முன்னால் கால்வாய்களில் சீமைக்கருவேலையை வெட்டி, உடைந்த மடைகளை மராமத்து செய்ய வேண்டும்.

4. மாவட்ட எல்லையில் அளவுகோல் நட்டு, தினசரி வந்த தண்ணீரை விவசாயிகள் பார்க்கும்படி எழுதிப் போட வேண்டும்.

5. பேபி அணையைப் பலப்படுத்தும் வேலையை முடித்து, 152 அடி தேக்க மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

தேக்கடியில் படகு ஓடட்டும். குழந்தைகள் யானை பார்க்கட்டும். நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏரிக்குள்ளே நிற்கிற கறுப்பு மரங்கள் ஒரு காட்டையே வயலுக்காகக் கொடுத்த மரங்கள். அந்த வயலில் நம்ம வயலும் ஒன்று. அதை எழுத்தில் வாங்காமல் கலெக்டர் ஆபீஸ் வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

சோற்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பெண்கள் முன் வரிசையில் உட்காருங்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் கொடு!
பிச்சை அல்ல, பங்கு கொடு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!