பெயர் தொலைந்த குதிரை

குதிரை என்றால் எல்லோரும் முகத்தையும் பிடரியையும் பார்ப்பார்கள். கால்நடை மருத்துவனான எனக்குக் கண் முதலில் காலுக்குத்தான் போகும். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், மேலே தோல், அவ்வளவுதான். அரை டன் உடம்பு பாய்ந்து ஓடும்போது, ஒரு கணம் மொத்தப் பாரமும் அந்த ஒற்றைக் காலில் இறங்கும். இவ்வளவு மெல்லிய கால் எப்படித் தாங்குகிறது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஒருநாள் கடற்கரையில் சவாரிக் குதிரை ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இரை எடுக்கவில்லையாம். பல்லைப் பார்த்தேன், எட்டு வயதுக்கு மேல் இராது. இடது முன்னங்காலைத் தடவினால், பின்பக்கத் தசைநாண் வாழைப்பழம் மாதிரி புடைத்து நின்றது. எப்போதோ கிழிந்து, அரைகுறையாக ஆறிய காயம்.

"ரேஸ்ல ஓடினதா?"

"ஆமா சார். வேணாம்னு தள்ளிட்டாங்க, மலிவா வந்துச்சு."

"பேரு?"

"ராஜா."

"அங்க என்ன பேரு வச்சிருந்தாங்க?"

"அது தெரியாது சார்."

கணக்கைக் கேளுங்கள். பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே, உடம்பின் எலும்புகள் முழுக்க முற்றுமுன், ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானவை பத்து வயதுக்குள் களத்தை விட்டுவிடும். ஆயுளோ இருபத்தைந்து வருஷம்.

ஜெயித்த குதிரைக்காவது கவலை இல்லை என்று நினைப்பீர்கள். அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை 1986-ல் வென்றது ஃபெர்டினாண்ட். மறுவருஷம் அந்த நாட்டின் தலைசிறந்த குதிரை என்ற விருது. பிறகு இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே கிராக்கி குறைந்தது. 2002-ல் இறைச்சிக்கூடத்துக்குப் போயிற்று. செய்தி வெளியானபோதுதான் பலர் பதறினார்கள்.

நம் ஊரில் பந்தயத்தைப் பற்றி ஒரு வழக்கே நடந்தது. 1974-ல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்றது. வாதம் முழுக்கப் பணம் கட்டுபவரைப் பற்றி. ஓடுகிறவன் கட்சிக்காரனே இல்லை, பாருங்கள்!

பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஓய்வுக்காலத் தீனிக்கு எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. விரிக்க இப்போது இடமில்லை.

ராஜாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் காலோடு மணலில் சவாரி கூடாது என்றேன். "அப்ப இதுக்குக் கொள்ளு யாரு சார் வாங்கிப் போடுவா?" என்றார் குதிரைக்காரர். முதலில் அதற்குப் பெயர் வைத்தவர் எங்கேயாவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.