திரையில் கண்ட நாளைய உலகம்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவது வழக்கம். நமக்குத் தரப்பட்ட தலைப்போ திரைப்படம். அதிலும் அறிவியல் புனைவுத் திரைப்படம். பள்ளித் தலைமையாசிரியருக்குச் சினிமாவோடு என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். "படிக்கிற பிள்ளைக்குப் படம் எதற்கு?" என்று கண்டிக்கப்பட்டு வளர்ந்த தலைமுறைதான் நாம். எனினும், நாளை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை நம்மில் பலருக்கு முதன்முதலில் ஊட்டியது ஊர் எல்லைக் கீற்றுக் கொட்டகையில் ஓடிய படமே. அதனால் இத்தலைப்பும் கல்வியைப் பற்றியதே என்பது நம் கருத்து.

நாம் சிறுவராய் இருந்த 1970-களின் இறுதியில் அவிநாசி, பல்லடம், காங்கேயம் வட்டாரத்து ஊர்கள் பலவற்றில் டூரிங் டாக்கீஸ்கள் இருந்தன. பொழுது சாயும் வேளையில் ஒலிபெருக்கியில் பாட்டு எழும். அப்பாட்டு நிற்பதற்குள் கொட்டகையை அடைந்துவிட வேண்டும். நமக்கு எப்போதும் தரை டிக்கெட்தான். முன்னால் இருப்பவர் தலை மறைக்காதிருக்க மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் அமர்வோம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும்; முறுக்கும் சோடாவும் வரும். பீடிப் புகையினூடே நீண்டு செல்லும் அந்த ஒளிக்கற்றையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படத்தின் பாதியைத் தவறவிட்ட சிறுவர்களும் உண்டு. 'ஜகன்மோகினி' பார்த்துவிட்டு இருட்டில் வீடு திரும்பியபோது, ஒருவர் கையை ஒருவர் விடாமல் பற்றிக்கொண்டு நடந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அக்காலத்தில் தேநீர்க் கடையில் நம் மக்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். ஊர்க் கிணற்றின் அருகே நாம் செல்ல முடியாது. ஆனால் கொட்டகையின் இருட்டில் எல்லாரும் ஒரே திரையைப் பார்த்தனர். ஒரே இடத்தில் சிரித்தனர். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கண்ட முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு என்றும் இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். காசும் ஒரு சுவர்தான், அதை மறுப்பதற்கில்லை. விளக்கு எரிந்து வெளியே வந்ததும் பழைய ஊர் அப்படியே காத்திருக்கும் என்பதும் உண்மை. ஆயினும் வேறொரு ஏற்பாடு நடக்கக் கூடியதே என்பதை மூன்று மணி நேரமேனும் அந்த மணல் தரை நமக்குக் காட்டியது.

கொட்டகைக்கும் நம் கொங்கு வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துப் படம் காட்டினார். 1914-ஆம் ஆண்டு கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். நாம் மணலில் அமர்ந்து கண்ட டூரிங் டாக்கீஸ் அந்த வழியில் வந்ததே.

இனி, படங்களுக்கு வருவோம். அன்று நம்மை மயக்கியவை பெரும்பாலும் மாயாஜாலப் படங்கள். 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் ஒரு பெட்டி வரும். திறந்தால் மனத்துக்கு விருப்பமானவர் அதில் தெரிவார். தொலைவில் இருப்பவரின் முகம் இன்று நம் கைப்பேசியிலும் தெரிகிறது. அப்படியானால் மாயாஜாலப் படமும் அறிவியல் புனைவுப் படமும் ஒன்றுதானா? ஒன்றல்ல. மந்திரம் வரமாக வருவது. தேவர்க்கும் முனிவர்க்கும் அவர்கள் அருள் பெற்றவர்க்கும் மட்டுமே கிட்டுவது. எப்படி நடந்தது என்று அங்கே கேட்க முடியாது. அறிவியலோ கற்றவர் எவர்க்கும் வசப்படுவது. எப்படி என்று கேட்டால் அது விடை சொல்லியாக வேண்டும். பிறப்பைக் காட்டி வரம் மறுக்கப்பட்ட மக்களுக்கு இவ்விரண்டில் எது உறவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழில் அறிவியல் புனைவு நேற்று வந்ததன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூட்டாகத் தயாரித்த 'காடு' 1952-இல் வெளிவந்தது. மண்ணிலிருந்து மறைந்துபோன ரோம யானைகள் நம் காட்டில் திரிவதாக அதில் கற்பனை செய்திருந்தார்கள். 1961-இல் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றார். அடுத்த இரண்டாண்டிலேயே, 1963-இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்க, ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' திரைக்கு வந்தது. வேற்றுக் கிரகத்தார் விஞ்ஞானத்தில் மேம்பட்டவர்கள். ஆனால் அவர்களிடம் இசை இல்லை. எனவே பூமியில் சிறந்த பாடகியைக் கவர்ந்து செல்கிறார்கள். அவளைத் தேடி ஓர் உழவன் விண்ணேறுகிறான். இன்று பார்த்தால் அந்த அட்டைத் தகட்டு விண்கலம் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் கதைக்குள் இருக்கும் எண்ணம் சிரிக்கத்தக்கதன்று. கருவியெல்லாம் கைவந்தும் வாழ்வு நிறையாத ஓர் உலகத்தை அது காட்டியது. சந்திரனில் மனிதன் கால் வைப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே நம் திரையில் ஓர் ஏர் உழவன் விண்வெளி சென்றுவிட்டான் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

உலகத் திரையிலிருந்து ஒரு படத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கி 1927-இல் வெளிவந்த 'மெட்ரோபொலிஸ்' என்னும் மௌனப்படம் அது. வானளாவிய நகரத்தின் மேலே செல்வர்கள் விளையாடித் திரிகிறார்கள். நிலத்தின் அடியில் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு கூட்டம் தலை கவிழ்ந்து உள்ளே செல்ல, இன்னொரு கூட்டம் அதே நடையில் வெளியே வரும். அக்காட்சியைப் பார்க்கும் திருப்பூர்க்காரர் எவரும், காலை எட்டரை மணிக்கு நம் கம்பெனி வாயில்களில் சைக்கிளும் டிபன் பாத்திரமுமாய் நுழையும் கூட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ஓரிடத்தில் இயந்திரம் வெடிக்கிறது. முதலாளியின் மகன் கண்ணுக்கு அது மனிதரை விழுங்கும் பெருந்தெய்வமாகத் தோன்றுகிறது.

படம் முடியும்போது ஒரு நீதி சொல்லப்படுகிறது. திட்டமிடும் தலைக்கும் உழைக்கும் கைகளுக்கும் நடுவே இதயம் நின்று இணைக்க வேண்டும் என்பதே அந்நீதி. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் செவிக்கு இது எங்கோ கேட்ட பேச்சு அல்லவா? ஒருவர் தலையில் பிறந்தார், ஒருவர் தோளில் பிறந்தார், ஒருவர் காலில் பிறந்தார் என்று நம் நாட்டில் எத்தனை நூற்றாண்டுகள் ஓதினார்கள்! சிந்திப்பவர் ஒரு கூட்டம், உழைப்பவர் ஒரு கூட்டம் என்னும் பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் கொஞ்சம் இரக்கத்தைச் சேர்த்தால் போதுமா? போதாது. கைகளுக்கும் தலை உண்டு. அத்தலையை வளர்க்கும் உரிமைக்காகவே டாக்டர் அம்பேத்கர் வாழ்நாளெல்லாம் போராடினார்; நம் சங்கமும் இருபத்தைந்தாண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது.

இதே கேள்வி நம் காலத்துத் தமிழ்ப் படமொன்றிலும் எழுந்தது. 2010-இல் சங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'எந்திரன்' படத்தைப் பார்க்காதவர் இங்கு இருக்க மாட்டார்கள். பொறியாளரும் எழுத்தாளருமான சுஜாதாவின் பங்களிப்பு அதில் உண்டு. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எந்திர மனிதன் அப்படியே தூக்கி வந்து காப்பாற்றுகிறது. அத்தனை பேர் கண் முன்னே நிற்க நேர்ந்த அவமானம் தாளாமல் அவள் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. இறுதிக் காட்சியில், கழற்றி வைக்கப்பட்ட எந்திரனிடம் ஒரு சிறுமி காரணம் கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்னும் பொருளில் அது விடை சொல்கிறது. அரங்கம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. நாம் மட்டும் சற்று நேரம் எழாமல் இருந்தோம். ஏவிய வேலையைச் செய்தவரை போற்றப்பட்டு, சிந்திக்கத் தொடங்கியதும் தண்டிக்கப்பட்டவர்களின் வரலாறு நமக்குத் தெரியும்.

நம் ஊருக்கும் இத்துறையில் பெருமை உண்டு. 2015-இல் 'இன்று நேற்று நாளை' என்னும் காலப்பயணப் படத்தையும், 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்தையும் இயக்கிய ஆர். ரவிக்குமார் திருப்பூரைச் சேர்ந்தவர். முதல் படத்தில், கால இயந்திரம் கையில் கிடைத்த இரு இளைஞர்கள் இறந்த காலத்தில் ஒரு சிறு பிசகு செய்கிறார்கள். செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். அதன் விளைவு நிகழ்காலத்தையே புரட்டிப்போடுகிறது. நேற்று நடந்த ஒன்றுதான் இன்றைய நிலைக்குக் காரணம் என்பதை வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறது அப்படம். நேற்று ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருந்தால் இன்று அக்குடும்பம் எங்கே இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க நமக்குக் கால இயந்திரம் வேண்டியதில்லை.

'அயலான்' படத்தில், பூமியை மிக ஆழமாகத் துளைத்து ஆற்றல் எடுக்க முனையும் ஒரு பெருநிறுவனத்தின் பேராசையைத் தடுக்க வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவன் வருகிறான். நொய்யல் கரையில் வாழும் நமக்கு இது வெறும் கற்பனையா? பாசனத்துக்கென்று 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியதை நாம் கண்ணால் கண்டோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்து நின்ற வீடுகளையும் கண்டோம். ஆற்றைக் கெடுத்ததும் ஒரு தொழில்நுட்பம். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த உதவுவதும் தொழில்நுட்பமே. அதை யார் கையில் வைத்திருக்கிறார், யாருக்காக இயக்குகிறார் என்பதே கேள்வி. நம்மைக் காக்க வேற்றுக்கிரகத்தான் வரப்போவதில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு வேதியியல் பட்டதாரி வந்தால் போதும்.

நாளையைப் பற்றி எண்ணுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பெண்கள் வீட்டை விட்டு வெளிவர இயலாத காலத்தில், 1905-ஆம் ஆண்டு, வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா என்னும் அம்மையார் 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையை எழுதினார். சூரிய வெப்பத்தால் சமைத்து, வானூர்தியில் பறந்து, பெண்களே ஆளும் நாடு அதில் வருகிறது. அக்கதை முதலில் வெளிவந்தது நம் சென்னைப் பத்திரிகை ஒன்றில்தான். பக்கத்து ஈரோட்டுப் பெரியார் 1940-களில் 'இனிவரும் உலகம்' என்று பேசியபோது, ஒவ்வொருவரிடமும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும் என்றும், ஆண் பெண் சேர்க்கையின்றியே கருத்தரிக்க வழி பிறக்கும் என்றும் கூறினார். 1978-இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. நிகழ்காலத்தில் இடம் மறுக்கப்பட்டவர்களும், அவர்களுக்காக வாதாடியவர்களுமே எதிர்காலத்தை ஊன்றி எண்ணியிருக்கிறார்கள்.

இளைஞர்களே! பத்தாம் வகுப்பு முடிந்ததும் செக்கிங் வேலைக்கும் கைமடிக்கும் வேலைக்கும் சென்றுவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் நாம் பார்க்கிறோம். வாரச் சம்பளம் சனிக்கிழமை கையில் கிடைக்கிறது. படிப்பின் பலனோ பல ஆண்டு தள்ளி நிற்கிறது. வீட்டின் வறுமையை அறிந்த எவரும் அப்பிள்ளைகளைக் குறை கூற மாட்டார். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கையால் துணி வெட்டிய இடத்தில் கணினி வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது. நாளை ஓவர்லாக் முன்னும் ஓர் எந்திரன் வந்து நிற்கலாம். அன்று அதன் முன் வேலையிழந்து நிற்கப் போகிறோமா, அதை வடிவமைத்துப் பழுது பார்ப்பவராய் நிற்கப் போகிறோமா? முடிவு இன்றைய வகுப்பறையில் இருக்கிறது.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டம் தொடங்கப்பட்டது. அதைப் போல், மாலை வகுப்பு நடக்கும் நம் கூடத்திலும் மாதம் ஒரு படம் காட்டுவோம். படம் முடிந்ததும் கலைந்துவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த இயந்திரம் யாருடையது? இதனால் யாருடைய சுமை குறைந்தது, யாருடைய சுமை கூடியது? இக்கதையின் நாளைய உலகில் நம்மைப் போன்றவர் எங்கே இருக்கிறார்? மூன்றாவது கேள்விக்குப் பல படங்களில் விடை கிடைக்காது. அப்போது அந்த இடத்தை நிரப்பும் கதையை நம் பிள்ளை ஒருவர் எழுதட்டும், இன்னொருவர் படமாக்கட்டும்.

நம் பெற்றோர் தரை டிக்கெட்டுக்குச் சில்லறை தேடித் தந்து நம்மைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குக் கிட்டாத பள்ளிப் படிப்பு நமக்குக் கிட்டியது. நமக்குக் கிட்டாத ஆய்வுக்கூடம் உங்களுக்குக் கிட்ட வேண்டும். அதற்குரிய முயற்சியில் சங்கம் உங்களுடன் நிற்கும்.