கரம் பலகையும் கடைத்தெருவும்

(கிராண்ட்பாஸ் சங்க மண்டபத்தில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்திலே இளைஞர் பகுதியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





கல்வி நிரம்பாமல் அவையிலே பேசப் புகுவது, கட்டம் கீறாமல் காய் உருட்டி விளையாடுவது போன்றது என்று திருவள்ளுவர் கல்லாமை என்னும் அதிகாரத்திலே சொல்லி வைத்தார். அந்த அபாயம் எமக்கு இப்பொழுது நன்றாகவே விளங்குகின்றது. விளையாட்டு அரங்கை உவமையாக எடுத்த அதே பெரியார் சூது என்னும் தனி அதிகாரம் ஒன்றையும் பாடினார். ஆடுதல் வேறு, சூதாடுதல் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். எமது பேச்சு முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதே.

சென்ற தை மாதத்தில் நிருவாக சபை எமக்கு ஒரு பணியை இட்டது. மண்டபத்திலே இளைஞர் மாலை வேளையில் கூடியிருந்து ஆடக்கூடிய மேசை விளையாட்டுப் பொருட்கள் வாங்கலாமா, வாங்குவதாயின் எந்தக் கடையில் வாங்குவது என்று பார்த்து வந்து சொல்லும்படி பணித்தார்கள். தனாதிகாரி அவர்கள் தொகையைச் சொல்லும்பொழுது குரலைச் சற்றுத் தாழ்த்தினார்கள். ஆகவே தொகையை நாமும் இங்கே உரக்கச் சொல்லப் போவதில்லை.

எம்முள் நால்வர் மூன்று சனிக்கிழமைகளில் இவ்வேலையைச் செய்தோம். கடைக்குப் புறப்படுமுன் ஐந்து கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். பொருளைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா? விற்பவருக்கு அந்த விளையாட்டுத் தெரியுமா? ஒரு காய் தொலைந்தால் அதை மட்டும் தனியே வாங்கலாமா? விதிகள் எந்த மொழியில் உள்ளன? விலை எம்மால் தாங்கக் கூடியதா? கையில் ஓர் அளவு நாடாவும் கொண்டு சென்றோம். கரம் பலகைக்கு அனைத்துலக அளவு உண்டு. ஆடும் தளம் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 74 சென்ரிமீற்றர் இருத்தல் வேண்டும். மூலைக் குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர், ஸ்ட்ரைக்கரின் நிறை 15 கிராமுக்கு மேற்படலாகாது. பலமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் தளத்திலே மூன்றரை முறையாவது போய்வர வேண்டும். இவை 1988ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய அனைத்துலகக் கரம் சம்மேளனத்தின் விதிகள்.

முதற் சனிக்கிழமை புறக்கோட்டைக்குச் சென்றோம். எம் பாட்டன்மார் கிராண்ட்பாசிலிருந்து கோட்டைக்கு ஏறிச் சென்ற டிராம் வண்டி 1960ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டபடியால், நாம் ஆமர் வீதி வழியாக நடந்தே போனோம். பிரதான வீதிக்கும் கெய்சர் வீதிக்கும் இடையில் விளையாட்டுப் பொருட்கள் மொத்தமாக விற்கும் கடைகள் பல. நாம் புகுந்த கடையிலே பெட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. லூடோ, பாம்பும் ஏணியும், சதுரங்கம், சிறு கரம் பலகை யாவும் உண்டு, விலையும் மலிவு. ஆனால் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டோம்.

“திறந்தால் எடுக்க வேண்டும் தம்பி. திறந்த பெட்டியை யார் வாங்குவது?” என்றார் கடைக்கார நாநா. வியாபாரியின் பக்கத்தில் நின்று பார்த்தால் அதுவும் நியாயமே. திறவாமலே ஒரு சதுரங்கப் பெட்டியை வாங்கி வந்தோம். மண்டபத்தில் விரித்துப் பார்த்தபோது கறுப்புப் படையில் மூன்று குதிரைகள். வெள்ளைப் படையில் ஒன்றுதான். மறுவாரம் கொண்டுபோய்க் காட்டினோம். மொத்தக் கணக்கில் நான்கு குதிரையும் சரியாகத்தானே இருக்கின்றன என்று விடை வந்தது. அவர் கணக்கில் பிழை இல்லை. ஆட்டந்தான் நடக்கவில்லை. அங்கிருந்த கரம் பலகையையும் அளந்தோம். தளம் இரண்டு அடிக்கும் குறைவு. ஸ்ட்ரைக்கர் ஒரு முறை போய் மீள்வதற்குள் களைத்து நின்றுவிட்டது.

இரண்டாம் சனிக்கிழமை காலி வீதி பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குப் போனோம். அங்கே புத்தகங்களும் பரிசுப் பொருட்களும் விற்கும் ஒரு கடை. கண்ணாடி அலுமாரிக்குள் வெளிநாட்டுப் பெட்டிகள் அழகாக நின்றன. கடைக்காரர் எம்மை வரவேற்று, மாதிரிக்கென்று திறந்து வைத்திருந்த பெட்டிகளை மேசையில் பரப்பிக் காட்டினார். அந்தப் பண்பை நாம் மறக்கமாட்டோம். அவர் காட்டியவற்றுள் இரண்டைப் பற்றி மாத்திரம் சொல்கின்றோம்.

ஒன்று மொனோப்பொலி. 1935இல் அமெரிக்காவில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த இவ்விளையாட்டுக்கு மூலமாக அமைந்ததை எலிசபெத் மேகி என்னும் பெண்மணி 1904இலேயே பதிவு செய்திருந்தார். நிலத்தை ஒருசிலர் வளைத்துக் கொண்டால் வாடகை கொடுப்போர் எவ்வாறு வறியராவர் என்பதைக் காட்டவே அவர் அதை ஆக்கினார். வாடகை வீட்டில் வளர்ந்த எமக்கு இதனைப் பலகையிலே கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை! மற்றது கட்டான். ஜெர்மனியில் பல் தொழில்நுட்பராக இருந்த கிளாவுஸ் டொய்பர் என்பவர் ஆக்கி 1995இல் வெளியிட்டது. ஒருவர் நெல்லும் மற்றவர் மரமும் வைத்துக்கொண்டு பண்டமாற்றுச் செய்தாலொழிய எவரும் முன்னேற இயலாத நல்லதொரு விளையாட்டு.

ஆயினும் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்ததும் பெட்டியை மெதுவாக மூடி வைத்தோம். 2022இல் எமது ரூபா சில மாதங்களுக்குள்ளேயே டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 350க்கும் அப்பால் வீழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். இறக்குமதிப் பெட்டி ஒவ்வொன்றும் அந்த வீழ்ச்சியைச் சுமந்தே வருகின்றது. விதிப் புத்தகமோ ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு அது தடையன்று. எமது மண்டபத்துக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பூட்டிய கதவு.

இன்னுமொன்று. லூடோ நமது பச்சீசியின் வழிவந்தது. 1896இல் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டது. பாம்பும் ஏணியும் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்க எம் முன்னோர் ஆடிய பரமபதத்தின் இனத்தைச் சேர்ந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் வெளியூர்ச் சட்டை அணிந்து திரும்பி வந்து, கண்ணாடிக்குள்ளே விலைச் சீட்டுடன் நிற்பதைக் கண்டோம். ஆனால் பல்லாங்குழியோ தாயக்கட்டையோ நாயும் புலியும் ஆடும் பலகையோ இரு கடையிலும் கிடைக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை தூரம் போகவில்லை. ஆமர் வீதிப் பக்கம் ஓர் ஒழுங்கையிலே தச்சுப் பட்டறை ஒன்று இருக்கின்றது. பெயர்ப் பலகை இல்லை. மொறட்டுவையிலிருந்து வந்த தச்சர். எல்லாரும் அவரைப் பாஸ் என்றே மரியாதையாக அழைக்கின்றனர். கதவு, அலுமாரி, மேசை செய்பவர். கேட்போருக்குக் கரம் பலகையும் செய்து கொடுப்பார். பட்டறை வாசலில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயின் மேல் அவர் செய்த பலகை ஒன்று எந்நேரமும் கிடக்கின்றது. அதைச் சுற்றி மூட்டை சுமப்பவர், ஓட்டோ சாரதி, பாடசாலைப் பையன் என்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நின்றனர். பேச்சு மூன்று மொழியிலும் கலந்து நடந்தது. பணம் எதுவும் மேலே வைக்கப்படவில்லை. வைக்க முயன்றால் பாஸ் வந்து காய்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்று பையன் ஒருவன் எமக்கு முன்னெச்சரிக்கை செய்தான்.

நாம் கேள்விக் கொப்பியைத் திறந்தோம். “முதலில் ஆடுங்கள் தம்பி, பிறகு கேளுங்கள்” என்றார் அவர். ஆடினோம். எம்முள் வல்லவர் என்று பெயர் பெற்றவர் அவரிடம் 25க்கு 3 என்று தோற்றார். பிறகு அளந்தோம். தளமும் குழியும் கணக்குப்படி இருந்தன. ஸ்ட்ரைக்கர் மூன்றரை முறை போய், நான்காம் முறையையும் எட்டிப் பார்த்தது. காய் ஒன்று தொலைந்தால்? தகரப் பேணியிலிருந்து ஒரு கை நிறைய அள்ளிக் காட்டினார். விதிகள் எந்த மொழியில்? சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விளக்கத் தொடங்கினார்கள்.

பல்லாங்குழி பற்றிக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. தமது தாயார் வருடப் பிறப்புக் காலத்தில் குன்றிமணி வைத்து ஆடும் ஒலிந்தப் பலகை வீட்டில் உண்டென்றும், அதிலும் ஏழேழாக இரு வரிசைக் குழிகளே என்றும் சொன்னார். அப்பலகையை எச். பாக்கர் என்பவர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய ஆங்கில நூலிலே விவரித்திருக்கின்றார். இரு வீட்டுப் பாட்டிமாரும் ஏறக்குறைய ஒரே விளையாட்டையே ஆடியிருக்கின்றார்கள். ஒரு மாதிரியைக் கொண்டுவந்தால் கடைந்து தருவதாகப் பாஸ் வாக்களித்தார்.

பெரியோர்களே! மூன்று கடைகளையும் ஒப்பிட்டு நாம் கண்ட முடிவு இதுதான். புறக்கோட்டையில் பெட்டி மலிவாகக் கிடைத்தது. வெள்ளவத்தையில் அழகான பெட்டியும் நல்ல உபசாரமும் கிடைத்தன. பெயர்ப் பலகையில்லாத பட்டறையில் விளையாட்டுக் கிடைத்தது. கனடாவில் ரொறொன்ரோ நகரில் 2010இல் ஸ்னேக்ஸ் அண்ட் லாட்டேஸ் என்னும் தேநீர்க் கடை திறக்கப்பட்டது. அங்கே அலுமாரி நிறைய விளையாட்டுகள் உண்டு; இருந்து ஆடுவதற்கே மக்கள் பணம் கொடுக்கின்றனர். பெட்டியை விட மேசையும் எதிரே அமர ஒரு மனிதனுமே அரியவை என்பதை அவர்களும் கண்டுகொண்டனர். எமது ஒழுங்கையில் அது இலவசமாக நடக்கின்றது.

இத்தகைய மேசையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொல்வோம். எமது நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கரம் உலகப் பட்டத்தை வென்றார். சென்னையைச் சேர்ந்த ஓட்டோ சாரதி ஒருவரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலே மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றார்.

இனி, சொல்லக் கூசும் ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும்.

இந்த மண்டபத்தில் முன்னர் ஒரு கரம் பலகை இருந்தது. சில வருடங்களுக்கு முன் அது எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைக்கப்பட்டது. பிள்ளைகள் காசு வைத்து ஆடினார்கள் என்பதே காரணம். அந்தப் பிள்ளைகள் வேறு யாருமல்லர். இன்று உங்கள் முன் நிற்கும் நாமே. முதலில் ஒரு பிளேன்ரீயும் பணிசும் பந்தயமாயின. பிறகு இருபது ரூபா. பிறகு நூறு. கடைசியில் ஒரு நாள் வாய்த்தர்க்கம் கைகலப்பாயிற்று. பலகையை எடுத்த பெரியவர்களை அன்று திட்டினோம். அவர்கள் செய்தது சரியே. தருமபுத்திரருக்கே நேர்ந்த கதி எமக்கு நேராதென்று எண்ணிய பிழை எம்முடையது.

ஆனால் தண்டனை எம்மீது விழவில்லை. நாம் பல்கலைக்கழகம் போனோம். எமக்கு வேறு மண்டபங்கள் கிடைத்தன. எமக்குப் பின் வந்த சிறுவர்களே பலகையை இழந்தார்கள். இன்று ஆறு மணிக்கு இந்தக் கதவு பூட்டப்பட்ட பின் அவர்கள் எங்கே போகின்றனர் என்று நாம் மூன்று சனிக்கிழமைகளிலும் கண்டோம். ஒருவன் தொலைபேசியில் பணம் கட்டி ஆடிக்கொண்டிருந்தான். வேறிருவர் பந்தயம் பிடிக்கும் நிலையத்தின் வாசலில் நின்றனர். சூது வருமென்று நாம் விளையாட்டைப் பூட்டினோம். சூது தெருவிலே திறந்தே இருக்கின்றது.

சென்ற வாரம் அந்தப் பழைய பலகையைத் துடைத்து, இருவர் தோளில் சுமந்து, பாஸிடம் கொண்டு சென்றோம். அவர் அதைத் தட்டிப் பார்த்தார். சட்டம் நல்ல தேக்கு என்றார். ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது, தளத்தை மெருகிட வேண்டும், வலை புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு வாரம் போதும் என்றார். அவர் கேட்ட கூலி, வெள்ளவத்தையில் நாம் மூடி வைத்த பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஆகவே சபையிடம் நாம் பணிந்து கேட்பவை நான்கு. அந்தப் பலகையைத் திருத்தி மீண்டும் மண்டபத்தில் வைக்க அனுமதி தாருங்கள். மிஞ்சும் பணத்தில் திறந்து எண்ணிப் பார்த்து இரண்டு சதுரங்கத் தொகுதியும், பாஸின் கையால் ஒரு பல்லாங்குழியும் வாங்குவோம். கதவு இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். சனிக்கிழமை பிற்பகல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்படட்டும். நாயும் புலியும், தாயம் ஆகியவற்றை அறிந்த பெரியோர்கள் வாரத்தில் ஒரு மாலையாவது வந்து எமக்குக் கற்பியுங்கள். விதிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலை எம்முடையது.

காசு வைத்தால் என்ன செய்வீர்கள் என்று பெரியவர் ஒருவர் கேட்கப் போவது எமக்குத் தெரியும். நாம் படித்த பாடசாலையிலே ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வென்றவனும் தோற்றவனும் சேர்ந்தே காய்களை எண்ணிப் பெட்டியில் இட வேண்டும். ஒன்று குறைந்தால் இருவரும் சேர்ந்தே தேட வேண்டும். தினமும் எட்டு மணிக்கு எம்முள் ஒருவர் இங்கே நின்று, பத்தொன்பது காய்களையும் எண்ணிப் பூட்டி, திறப்பைக் காரியதரிசியிடம் ஒப்படைப்போம். காசு ஒன்று பலகையில் விழுந்தால் அன்றைக்கே காய்களை அள்ளிக்கொண்டு வருவோம். கெடுத்தவர்கள் நாம், காவல் நிற்க வேண்டியவர்களும் நாமே. முறை எழுதிய தாளில் முதல் நான்கு கையெழுத்தும் இடப்பட்டுவிட்டன.