மந்த காலத்தில் பழைய கைக்கடிகாரம்



மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடியில் முன்னாளில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று இருந்தது. அக்கட்டடம் இன்று இல்லை. 1344-ஆம் ஆண்டைக் குறிக்கும் அதன் கல்வெட்டு மட்டும், அருகிலுள்ள பரதேசித் தொழுகைக்கூடத்தின் சுவரில் பதிக்கப் பெற்றிருக்கிறது. 1568-இல் எழுந்த இக்கூடத்திற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹபி என்ற வணிகர் மணிக்கூண்டு அமைத்தார். அதன் சந்நிதித் தெருவில் இன்று பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. பழமைக்கு விலை கூறும் தெரு அது.

கொச்சியிலும், கொச்சியைப் போன்ற பிற நகரங்களிலும் பிழைப்பை நாடி வந்து தங்கிவிட்ட தமிழர் நாம். நம்மில் பலர் வீட்டுப் பெட்டியில், தந்தையோ பாட்டனாரோ விட்டுச் சென்ற கைக்கடிகாரம் ஒன்று இருக்கும். தொழில் மந்தமாகி வருவாய் குறையும்போது, “இதற்கு இப்போது நல்ல விலை கிடைக்குமாமே, விற்றுவிடலாமா?” என்ற வினா எழுகிறது. பழைய கடிகாரங்கள் மந்த காலத்திலும் மதிப்பிழப்பதில்லை என்று சொல்லப்படுவது எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வோம்.

முதலில் ஒரு பெருஞ் சான்று. ஸ்விட்ஸர்லாந்தின் பட்டேக் பிலிப் நிறுவனம், ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கச் செல்வருக்காகச் செய்த சட்டைப்பைக் கடிகாரத்தை 1933-இல் ஒப்படைத்தது. உலகமே பொருளாதாரப் பெருமந்தத்தில் உழன்ற காலம் அது. அதே கடிகாரம் 1999-இல் ஏறத்தாழ 1.1 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று; 2014-இல் ஏறத்தாழ 2.4 கோடி டாலருக்குப் போயிற்று. இடையில் 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி வந்து சென்றது. அதன் விளைவாக 2009-இல் ஸ்விட்ஸர்லாந்தின் புதுக் கடிகார ஏற்றுமதி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. புதியது தேங்கியது, அரிய பழையதோ தன் நிலையில் நின்றது.

இதற்குக் காரணங்கள் உண்டு. உற்பத்தி நின்றுபோன பொருளின் எண்ணிக்கை இனிப் பெருகாது. கையளவே உள்ள பொருளாதலால் எந்த நாட்டிற்கும் எளிதிற் கொண்டு செல்லலாம். சாவி கொடுத்து ஓட்டும் பொறியாதலால், கைத்திறன் உள்ளவர் அதை மீண்டும் மீண்டும் செப்பனிடலாம். இன்னொரு காரணமும் உண்டு; அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விலை இறங்கும்போது, பசியில்லாத செல்வர் தம் கடிகாரத்தை விற்பதே இல்லை. சந்தைக்கு வருபவை குறைவு. ஆகவே விலை வீழ்ந்ததும் வெளியே தெரிவதில்லை. காத்திருக்க வல்லவருக்கே பழம்பொருள் காவலாக நிற்கிறது.

நம் நாட்டு எச்.எம்.டி. கடிகாரத்தின் வரலாறு நமக்கு இன்னும் அணுக்கமானது. ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் அதன் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிற்று. ‘ஜனதா’ என்ற கடிகாரம் குமாஸ்தா முதல் ஆசிரியர் வரை பலர் கையிலும் விளங்கியது. பின்னர்க் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பெருகின; ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை எழுந்தது; எச்.எம்.டி. நலிந்தது. 2016-இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது. சேகரிப்போர் அக்கடிகாரங்களைத் தேடலாயினர். சில நூறு ரூபாய்க்கு வாங்கியவை இன்று சில ஆயிரத்திற்குக் கைமாறுகின்றன. ஆயினும் இடைக்காலத்தில் பணத்தின் மதிப்பு குறைந்ததைக் கழித்துப் பார்த்தால், இலாபம் பெரிதன்று.

அரசாங்கத் தாள்களைத் தமிழாக்கும் அலுவலில் உள்ள நாம் ‘விலை’ என்ற சொல்லையும் ‘மதிப்பு’ என்ற சொல்லையும் அடிக்கடி எதிர்கொள்கிறோம். ஒன்றற்கு மற்றொன்றை இட்டால் பொருள் மாறிவிடும். விலை, வாங்குபவர் அன்று தருவது. மதிப்பு, காலத்தாலும் உழைப்பாலும் உறவாலும் சேர்வது. மந்த காலத்தில் அவசரமாக விற்பவருக்குக் கிடைப்பது விலை மட்டுமே. அதுவும் கடைக்காரர் தம் இலாபத்தைக் கழித்துக்கொண்டு தருவது. இந்நோக்கில் தங்கம் வேறு வகையானது. எந்த ஊரிலும் அன்றைய நிலவரப்படி எடைபோட்டு வாங்குவர். கடிகாரத்திற்கு அத்தகைய நிலவரம் இல்லை. பெரும்புகழ் பெற்ற கடிகாரங்களுங்கூட விதிவிலக்கல்ல. 2022-இன் தொடக்கத்தில் உச்சியைத் தொட்ட அவற்றின் மறுவிற்பனை விலை பின்னர்ச் சரிந்தது.

விற்றே தீரவேண்டுமாயின் சில எச்சரிக்கைகள் வேண்டும். முகப்பிற்குப் புதுவண்ணம் பூசாதீர்கள், கூட்டை மெருகிடாதீர்கள். பழுப்பேறிய பழைய முகப்பையே சேகரிப்போர் விரும்புவர். வாங்கிய சீட்டும் பெட்டியும் இருப்பின் பேணுங்கள். ஒருவர் சொல்லும் விலையை நம்பாது இருவர் மூவரிடம் காட்டுங்கள். வாங்குவோருக்கும் ஒரு சொல்: பழைய உறுப்புகளைக் கலந்து கட்டிப் புதுமுகப்புப் பொருத்திய கடிகாரங்கள் சந்தையில் மிகுதி. மூடியைத் திறந்து பொறியைப் பாராமல் வாங்கலாகாது.

இக்கட்டுக் காலத்திற்கு உதவச் சேமிப்பு வேண்டும். அந்தப் பொறுப்பைக் கடிகாரத்தின் மேல் சுமத்துதல் தகாது. சேமிப்புச் சிறிதேனும் உள்ள குடும்பத்தில் தந்தையின் கடிகாரம் நாள்தோறும் சாவி கொடுக்கப் பெற்று ஓடிக்கொண்டிருக்கும். அதை அடுத்த தலைமுறையின் கையில் கட்டும் நாளும் வரும். நேயர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே பேணுவார்களாக.