வங்கிப் பணியும் கடன் சுத்தமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொதுக்கூட்டத்தில் இமாம் எழுந்தால் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசுவார் என்பதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வங்கி வேலை. ஹஜ்ரத்துக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் உள்ளத்தில் கேட்பது இங்கிருந்தே தெரிகிறது. நாம் இட்ட ஒரு கையொப்பத்தில் தொடங்கிய சம்பந்தம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, அஸர் தொழுகை முடிந்ததும் பட்டதாரி இளைஞர் ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் வந்தார். பெரிய வங்கி ஒன்றின் தேர்வில் வென்று நியமன உத்தரவும் பெற்றிருந்தார். உறவினர் அல்லாத இரண்டு பெரியவர்களிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டோம். அன்று மஃரிபுக்குப் பின் அவருடைய தகப்பனார் பள்ளிவாசலில் இருந்த அனைவருக்கும் இனிப்பு வழங்கினார்.

சில வாரங்களில் அந்த நியமனம் இரத்தாகிவிட்டது. காரணம், இளைஞரின் கடன் வரலாற்று அறிக்கை. அவர் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் கடன் இருந்தது. வண்டியில் ஓடியவர் அவருடைய தாய்மாமன். கடன் பத்திரத்தில் இருந்த பெயர் மருமகனுடையது. சில மாதங்கள் தவணை தவறி, பிறகு முழுத் தொகையும் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. "கடனை அடைத்துவிட்டேனே ஹஜ்ரத், பிறகும் ஏன்?" என்று அவர் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

பதில் இல்லாதது மட்டுமல்ல. பெயரைக் கொடுக்கலாமா என்று அவர் தயங்கி நம்மிடம் வந்தபோது, "தாய்மாமன்தானே தம்பி, உறவை முறிக்காதீர்கள், கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர் நாமே. அது எந்த வகைக் கடன், வட்டி எவ்வளவு, தவணையை யார் கட்டுவார் என்று ஒரு வார்த்தை நாம் விசாரிக்கவில்லை. ஓர் இமாம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்விகள் அவை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வட்டி சார்ந்த நிறுவனத்தில் பணியாற்றுவது கூடுமா என்ற மஸ்அலாவை இந்த மேடையில் நாம் எடுக்கவில்லை. எந்தப் பிரிவில், எத்தகைய வேலை என்பதைப் பொறுத்து உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். தனியே வந்து கேட்போருக்குத் தனியே சொல்வோம். ஆனால் நம் பிள்ளைகள் அந்தத் தேர்வுகளை எழுதத்தான் செய்கிறார்கள். 2006ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, வங்கிகளிலும் ரிசர்வ் வங்கியிலும் முஸ்லிம்களின் பங்கு சுமார் 2.2 சதவீதம் என்று காட்டியது. அந்தச் சிறு கூட்டத்திற்குள் நுழையும் வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிய காரியத்தில் நமக்கும் பங்கு இருந்தது என்பதே நம்மை உறுத்துகிறது.

அந்த இளைஞர் கேட்ட கேள்வியை 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. வழக்கு வேறொருவருடையது. பாரத ஸ்டேட் வங்கி 2020இல் அதிகாரிப் பணிக்கு அறிவிப்பு வெளியிட்டது. கடன் அல்லது கிரெடிட் கார்டு பாக்கியைத் திருப்பிச் செலுத்துவதில் தவறியவர்களும், சிபில் அறிக்கை பாதகமாக இருப்பவர்களும் தகுதியற்றவர்கள் என்று அந்த அறிவிப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். தேர்வு பெற்ற ஒருவருக்கு நியமனம் வழங்கி, கடன் அறிக்கையைப் பார்த்தபின் 2021 ஏப்ரலில் அதை இரத்து செய்தார்கள். அறிவிப்பு வருமுன்பே பாக்கிகளை அடைத்துவிட்டேன் என்பது அவர் வாதம். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கத்தைக் கண்டிப்பாக எதிர்பார்க்க வங்கிக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். கடனை அடைத்தால் மட்டும் போதாது, தவணை தவறாமல் அடைத்திருக்க வேண்டும்.

இன்று பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளிலும் பணியில் சேரும் நாளன்று கடன் வரலாறு சீராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெறுகிறது. நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்தையும் ஆங்கிலத்தையும் இரவு பகலாகப் படிக்கிறார்கள். அறிவிப்பின் பின்பக்கங்களைப் படிப்பவர் அரிது.

வங்கி வைக்கும் தகுதி விதி எல்லாவற்றையும் நாம் தலையசைத்து ஏற்க வேண்டும் என்பதில்லை. அதே பாரத ஸ்டேட் வங்கி 2021 டிசம்பர் இறுதியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள், பிரசவத்திற்குப் பின் நான்கு மாதத்திற்குள் சேரலாம் என்றது அது. அதற்கு முன்போ, மருத்துவர் சான்றுடன் ஆறு மாதக் கர்ப்பிணி வரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. டில்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 2022 ஜனவரி 29 அன்று வங்கி அந்த மாற்றத்தை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூனில், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் பன்னிரண்டு வார விதிக்கும் அந்த ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. எழுத்தர் தேர்வுக்குப் பொது வயது வரம்பு 20 முதல் 28. அதிகாரித் தேர்வுக்கு 20 முதல் 30. பெண் பிள்ளைகளுக்குத் திருமணமும் பிள்ளைப்பேறும் அமைகின்ற வயது அதுவேயல்லவா? தாமதமாகச் சேர்ந்தால் பணிமூப்பும் போகும். தாய்மையைக் குறையாகக் கருதிய விதி அது. எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள்.

கடன் விதியை நாம் அந்த வரிசையில் வைக்க மாட்டோம். கர்ப்பம் ஒருவருடைய நாணயத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வாக்களித்த நாளில் பணம் கட்டினாரா என்பது ஓரளவு சொல்லும். நம் மார்க்கத்துக்கு இது புதிதா? ஜனாஸா தொழுகைக்கு முன், "மையித்தின் மீது யாருக்கேனும் கடன் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள்" என்று நாம் அறிவிக்கிறோம். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியதே. மனிதரை அடக்கம் செய்யும் வேளையில் நாம் கேட்கும் கேள்வியை வங்கி வேலைக்குச் சேர்க்கும் வேளையில் கேட்கிறது.

வங்கி இவ்வளவு அஞ்சுவதற்கு வரலாறு உண்டு. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. சென்னை மாகாணமெங்கும் எத்தனையோ குடும்பங்கள் போட்டு வைத்த சேமிப்பு போயிற்று. அதன் தலைவர், சர் பட்டம் பெற்ற ஆங்கிலேயர், பதினெட்டு மாதம் கடுங்காவலுக்குச் சென்றார். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரின் முயற்சியால் இந்தியன் வங்கி பிறந்து, 1907 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது.

வங்கிக்குள் நடக்கும் முறைகளைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். பணப் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள், இரண்டு பேர் கையில். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். அவர்களில் ஒருவர் முப்பது ஆண்டு அனுபவம் உடையவராக இருந்தாலும் சரியே. முக்கியப் பொறுப்பில் உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து பத்து வேலை நாட்களேனும் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. அவர் இல்லாதபோது அவர் மேசையில் என்ன வெளிப்படுகிறது என்று பார்ப்பதற்காகத்தான். எந்த அதிகாரியும் இதை அவமானமாகக் கருதுவதில்லை. நம் ஜமாஅத்துகளிலோ பைத்துல்மால் கணக்கை யாராவது எழுந்து கேட்டால், "என் மீது சந்தேகமா?" என்று பொருளாளர் கோபித்துக்கொண்டு பதவியைத் துறப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். இந்த மலரின் பிற்பகுதியில் வரவு செலவுக் கணக்கு அச்சாகும். புகைப்படப் பக்கங்களைப் பார்த்த பிறகாவது அதையும் படியுங்கள்.

ஆயினும் கடன் அறிக்கை முழு உண்மையையும் பேசுவதில்லை என்பதை இந்த ஊரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தது. காடாம்புலியூரையும் பண்ருட்டியையும் சுற்றி முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த காட்சியை இங்கிருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதுக் கன்று நட்டால் முந்திரி காய்க்கச் சில ஆண்டுகள் வேண்டும். பலாவுக்கு அதைவிட அதிகம். அந்தக் காலத்தில் தவணை தவறியவர்களுக்கு நாணயம் இல்லை என்று யார் சொல்வார்? அறிக்கை எந்த மாதம் தவறியது என்று காட்டும். ஏன் தவறியது என்று காட்டாது. கல்விக் கடன் வாங்கிப் படித்து, வேலை கிடைக்காமல் தவணை தவறி, தவணை தவறியதால் வங்கி வேலையும் கிடைக்காமல் நிற்கும் பிள்ளையின் நிலையும் அதுவே. இத்தகைய காரணங்களைக் கேட்டு முடிவெடுக்க வங்கிகள் ஒரு வழி வைத்தால் நீதியாக இருக்கும் என்பது நம் கருத்து. அதற்காகக் குரல் கொடுப்பதில் தவறில்லை. அதுவரை விதி இருக்கிறபடிதான் இருக்கும்.

ஆகவே இளைஞர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதற்கு எந்தத் தரகருக்கும் பணம் கொடுக்காதீர்கள். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. கைப்பேசிச் செயலி வழியே வாங்கும் கடன் எவ்வளவு சிறியதானாலும் அறிக்கையில் ஏறும். பிறருக்கு ஜாமீன் நின்ற கடனும் ஏறும். ஜாமீன் என்றால் சாட்சிக் கையெழுத்து என்று நம் மக்களில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு; அவர் கட்டாவிட்டால் நாம் கட்டுவதாக எழுதிக் கொடுப்பது அது. இன்னொன்று: வசூலுக்கு வருபவர், "பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்பார். அப்படி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். முழுவதும் கட்டினால் 'குளோஸ்டு'. முன்னது பாதகம். முழுவதும் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கி வையுங்கள். அடைத்த கடன் அடைக்காததாகக் காட்டினால் புகார் செய்யலாம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டிருக்கிறது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அவன் பெயரில் கடன் எடுப்பது நம்மிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு, மச்சானின் சவூதிப் பயணத்துக்கு, மாமனின் வண்டிக்கு. கேட்பது உறவு என்பதால் பிள்ளையால் மறுக்க முடிவதில்லை. அவன் மறுப்பதற்கு நீங்களே இடம் கொடுங்கள். அவன் தயங்கி நம்மிடம் வந்தால், முன்பு சொன்னதை நாம் இனிச் சொல்ல மாட்டோம்.

நன்னடத்தைச் சான்று கேட்டு வருகிறவர்களிடம் இனி கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுவோம். யாருக்கேனும் கொடுக்க வேண்டியது உண்டா, கடைப் பாக்கி உண்டா என்று கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள். "இவரை நன்கு அறிவேன்" என்று எழுதிக் கையொப்பமிடுவது சாட்சியம். சாட்சியம் ஓர் அமானிதம். அன்று அஸருக்குப் பின் நாம் இட்ட கையொப்பம் பொய்யல்ல. விசாரிக்காமல் இட்டது, அவ்வளவே.

அந்த இளைஞருக்கு வயது வரம்பு கடந்துவிட்டது. இப்போது ஒரு முந்திரி வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். பெருநாள் அன்று கைப்பேசியில் ஸலாம் சொல்வார். வண்டியைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாமும் பேசுவதில்லை.

வரும் ஞாயிறு மஃரிபுக்குப் பின் மதரஸா அறையில் கணினி தெரிந்த பிள்ளைகள் இருவர் அமர்ந்திருப்பார்கள். வங்கித் தேர்வு எழுதுவோர் பான் அட்டையும் கைப்பேசியும் கொண்டு வந்தால் கடன் அறிக்கை எடுக்கும் முறையைக் காட்டித் தருவார்கள். பெண் பிள்ளைகள் தாயாருடனோ சகோதரனுடனோ வரலாம். அவர்களுக்கென்று தனி நேரம் அறிவிக்கப்படும். அறிக்கையில் உள்ளதை அவர்கள் வெளியே பேச மாட்டார்கள். அதற்கு நாம் பொறுப்பு.

வஸ்ஸலாம்.