விமானி எழுதிய கடிதம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியரைப் பேச அழைத்தால் சீனி வியாதியைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணியிருப்பீர்கள். இன்று அந்தப் பேச்சு இல்லை. பகல் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடலாம். நாம் பேசப்போவது இராணுவ விமானம் ஓட்டிய இரண்டு பேரைப் பற்றி. வானத்தில் சத்தம் கேட்டால் வகுப்பை விட்டு வெளியே ஓடி அண்ணாந்து பார்த்த யட்டவத்தைப் பிள்ளைகள் நாம். அந்த ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை.

முதலாமவர் இந்திய விமானப் படையின் குரூப் கெப்டன் வருண் சிங். 2020 ஒக்டோபர் 12ஆம் திகதி தேஜஸ் போர் விமானத்தைத் தனியாகச் சோதித்துப் பார்க்க மேலே போனார். உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் பழுதானது. கீழே இறங்க முயன்றபோது விமானத்தின் கட்டுப்பாடு முழுதாகக் கைவிட்டுப் போனது. ஒருமுறை மீட்டார். மறுபடியும் போனது. ஆசனத்தோடு வெளியே குதித்துத் தப்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ விமானத்தை மீட்டுப் பத்திரமாகத் தரையிறக்கினார். விமானம் முழுதாகக் கிடைத்ததால் பழுது எங்கே என்று பொறியியலாளர்கள் ஆராய்ந்து திருத்த முடிந்தது. அதற்காக 2021இல் அவருக்குச் சௌர்ய சக்கர விருது கிடைத்தது.

விருது கிடைத்த கையோடு அவர் செய்த காரியம்தான் இங்கே முக்கியம். 2021 செப்டெம்பரில், தாம் படித்த சண்டிமந்திர் இராணுவப் பாடசாலையின் அதிபருக்குக் கடிதம் எழுதினார். தாம் படிப்பில் நடுத்தரமான மாணவனாகவே இருந்ததை அதில் ஒளிக்காமல் சொன்னார். எல்லோருக்கும் தொண்ணூறு புள்ளி வராது, வராவிட்டால் வாழ்க்கையும் நடுத்தரமாகவே முடியும் என்று எண்ணவேண்டாம், மனம் பிடித்த துறையைத் தேடிப் பிடித்து முழு மூச்சோடு உழையுங்கள் என்று பிள்ளைகளுக்குச் செய்தி வைத்தார். அன்று ஆகாயத்தில் தம்மால் முடிந்தது ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் சகாக்களும் ஊட்டி வளர்த்ததன் பலன் என்றும் எழுதினார். நல்ல தலைவன் புகழைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதில்லை, வந்த வழிக்கே திருப்பி அனுப்புகிறான் என்பதை அந்தக் கடிதத்தில் கண்டோம்.

கடிதம் எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2021 டிசம்பர் 8ஆம் திகதி குன்னூர் மலைச்சரிவில் விழுந்த ஹெலிகொப்டரில் அவரும் இருந்தார். பதினான்கு பேரில் உயிரோடு மீட்கப்பட்டு எஞ்சியவர் அவர் ஒருவரே. ஒரு வாரம் போராடி, 15ஆம் திகதி பெங்களூரில் உயிர் நீத்தார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு எம் மலையகத்திலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் பல போய்ச் சேர்ந்த நீலகிரி அது. விபத்து நடந்ததும் நஞ்சப்பசத்திரம் என்ற சிற்றூரின் சனங்கள் வீட்டிலிருந்த போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து உதவினார்கள். அவர்கள் யாருடைய கட்டளைக்கும் காத்திருக்கவில்லை.

அடுத்தவர் அமெரிக்காவின் செஸ்லி சல்லன்பெர்கர். விமானப் படையில் எப்-4 பாண்டம் போர் விமானம் ஓட்டி, 1980இல் விலகிப் பயணிகள் விமானத்துக்கு வந்தவர். 2009 ஜனவரி 15ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் அவருடைய விமானத்தில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழந்தன. உள்ளே 155 பேர். ஹட்சன் ஆற்றில் இறக்க அவருக்கு இருந்த நேரம் மூன்றரை நிமிடம். ஒருவரும் சாகவில்லை.

அந்த மூன்றரை நிமிடத்தில் அவர் வேலையைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். விமானத்தை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஜெப் ஸ்கைல்ஸ். சல்லன்பெர்கர் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்தார். ஆபத்துக்காலச் சரிபார்ப்புப் பட்டியலை ஸ்கைல்ஸிடம் விட்டார். ஸ்கைல்ஸ் அந்த வகை விமானத்துக்கான பயிற்சியை அப்போதுதான் முடித்து வந்திருந்தார். ஆகவே பட்டியலில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் கைப்பாடம். பதவியில் இளையவர், ஆனால் அந்த ஒரு வேலையில் அவரே நிபுணர். கடைசி விநாடிகளிலும், வேறு யோசனை ஏதும் உண்டா என்று தலைமை விமானி அவரிடம் கேட்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. ஸ்கைல்ஸிடம் வேறு யோசனை இருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விதான் எமக்குப் பாடம். எல்லாம் தெரிந்தவர்போல் நடிக்க அவருக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

இந்தப் பாடத்தை நாம் கற்றது புத்தகத்தில் அல்ல, ஒரு பிரசவ விடுதியில். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லவேண்டும்.

உள்ளகப் பயிற்சி வைத்தியர்களாக இருந்த காலம். ஓர் இரவு, முதற்பிள்ளை பெற்ற இளம் தாய் ஒருத்தி எங்கள் பொறுப்பில் இருந்தாள். குழந்தை நல்ல சுகம். எங்களைவிட இருபது வயது மூத்த மருத்துவமாது வந்து, "டொக்டர், நாடி ஏறிக்கிட்டே போகுது. கர்ப்பப்பை இறுகவே இல்ல. பெரிய டொக்டருக்குச் சொல்லுவோமா?" என்றார். இரத்த அழுத்தத்தைப் பார்த்தோம், சரியாக இருந்தது. "கொஞ்சம் பார்ப்போம் அக்கா" என்றோம். இளம் வயதில் நிறைய இரத்தம் போகும்வரை அழுத்தம் விழாது, நாடிதான் முதலில் ஏறும் என்று பரீட்சைக்குப் படித்திருந்தோம். படித்தது அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. நடுநிசியில் பெரிய வைத்தியரை எழுப்பினால் ஏசுவார் என்ற பயமும் இருந்தது. அக்கா இரண்டாம் முறையும் வந்து சொன்னார். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. தொலைபேசியைக் கொண்டுவந்து எங்கள் கையில் வைத்தார்.

பெரிய வைத்தியர் வந்தார். இரத்தம் ஏற்றப்பட்டது. தாய் பிழைத்தாள். விடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, ஏன் தாமதித்தீர்கள் என்று கேட்டார். "சேரின் நித்திரையைக் குழப்பக் கூடாது என்று..." என இழுத்தோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்களுக்கு என்னைக் கூப்பிடப் பயமாக இருந்தால், அந்தப் பிழையில் பாதி என்னுடையது" என்றார். அன்று முதல், விடுதியில் உள்ள எவரும் எந்நேரமும் நேரடியாகத் தம்மைக் கூப்பிடலாம் என்று விதி செய்தார். நாங்கள் அந்த அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். "பிள்ளைங்க நீங்க, படிப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தலைமை என்றால் என்னவென்று எவரேனும் எங்களைக் கேட்டால் அந்தக் காலைப்பொழுதைத்தான் சொல்வோம். தெரிந்தவர் வாய்திறக்கப் பயப்படாத இடத்தை உண்டாக்குவதே தலைமை.

வைத்தியத் துறை இதை விமானிகளிடமிருந்தே கற்றது. 1935இல் அமெரிக்க இராணுவம் சோதித்துப் பார்த்த புதிய பெரிய விமானம் ஒன்று கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் மிகத் தேர்ந்த விமானி. தரையில் நிற்கும்போது போடும் பூட்டு ஒன்று கழற்றப்படாமல் இருந்ததே காரணம். எவ்வளவு கெட்டிக்காரராலும் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, விமானிகள் சரிபார்ப்புப் பட்டியலை உண்டாக்கினார்கள். அதே வழியில் 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் இந்திய வம்சாவளி வைத்தியர் அதுல் கவாண்டே. எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணங்கள் 100க்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தன. அந்தப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும் என்று ஓர் அம்சம் உண்டு. ஒருமுறை வாய்திறந்து பெயர் சொன்னவருக்கு, பிறகு "நிறுத்துங்கள், பிழை நடக்கிறது" என்று சொல்லத் துணிவு வரும்.

நிபுணர் சொல்லைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று நம் வயல்கள் அறியும். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. மண்ணில் நஞ்சைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஒரே போகத்தில் முடியாது, படிப்படியாகத்தான் முடியும் என்று விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது, ஆனாலும் நெல்லும் தேயிலையும் விழுந்தன. இழப்பைச் சுமந்தது உழுதவன் வீடு.

அப்படியானால் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளும் எல்லோரையும் நம்பிவிடுவதா? இல்லை தங்கைமாரே. வெள்ளைச் சட்டை போட்டவரையும், தொலைபேசித் திரையில் உரத்துப் பேசுபவரையும் உடனே நம்பவேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையை இவர் தம் கையால் செய்திருக்கிறாரா? தமக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறாரா? பிழை நடந்தால் மறைக்கிறாரா, ஆராய்கிறாரா? வைத்தியர்களாகிய எங்களிடமும் இதையே கேளுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். கோபித்தால் வேறு வைத்தியரிடம் போங்கள்.

மூன்றாவது கேள்விக்கு நம் நாட்டிலேயே நல்ல விடை உண்டு. இலங்கையில் பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் மரணமும், எங்கே தவறியது என்று தனித்தனியாக ஆராயப்படுகிறது. 1940களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கொரோனாக் காலத்தை விட்டுவிட்டால், அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை 40ஐத் தாண்டுவது அரிது. இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பாட்டிமார் காலத்தில் பிரசவம் என்பது உயிர்ப் பந்தயம். அதை மாற்றியவர்களில் முன்னே நிற்பவர்கள் குடையும் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவமாதர்கள்.

இனி வாசிப்பு. ஹட்சனில் இறங்கிய சல்லன்பெர்கரின் விமானத்தோடு ஒரு நூலகப் புத்தகமும் தண்ணீருக்குள் போயிற்று. தொழில் ஒழுக்கம் பற்றிய நூல் அது. இவ்வளவும் நடந்த பிறகு, அந்தப் புத்தகத்துக்குத் தவணை கேட்டு அவர் நூலகத்தோடு தொடர்புகொண்டார். நூலகம் தண்டப் பணத்தைத் தள்ளுபடி செய்தது. போர் விமானம் ஓட்டியவர், பல்லாயிரம் மணித்தியாலம் பறந்தவர், ஐம்பத்தேழு வயதில் இரவல் புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். அனுபவம், கல்வி, பயிற்சி என்று 42 ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்ததையே அன்று ஒரேயடியாக எடுத்துச் செலவழித்தேன் என்ற பொருளில் அவர் பின்னர் சொன்னார்.

எதைப் படிக்கவேண்டும் என்று தங்கைமார் கேட்கிறீர்கள். வெற்றிக்குப் பத்து வழி சொல்லும் புத்தகங்களை நாமும் வாங்கியிருக்கிறோம். பத்தாவது வழிக்கு வருமுன் முதலாவது மறந்துவிடும். தோற்றதை ஒளிக்காமல் எழுதியவர்களின் வாழ்க்கையைப் படியுங்கள். அப்துல் கலாம் விமானப் படை விமானியாக ஆசைப்பட்டுத் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அந்த ஏமாற்றத்தை அவர் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் காகிதத்தையும் படியுங்கள். நம் தோட்டத்துச் சனங்களின் கதைகளைப் படியுங்கள். வேறொருவர் வலியை உள்ளே போய்ப் பார்க்கப் பழகாதவருக்கு, மூன்றாம் முறை தொலைபேசியைக் கொண்டுவந்த அக்காவின் முகமும் படிக்க வராது.

எங்கள் காலத்தில் இங்கே ஒரேயொரு புத்தக அலுமாரி இருந்தது. புத்தகம் தொலைந்துவிடும் என்று அது பூட்டியே இருக்கும். ஆசிரியை ஒருவர் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் திறப்பை எங்கள் கையில் தந்து, "எடுத்துப் படிங்க, தொலைஞ்சா நான் பார்த்துக்கிறேன்" என்பார். எங்களில் யாரும் அப்போது முதல் பிள்ளைகள் அல்ல. நடுத்தரம்தான். அந்தத் திறப்புத்தான் எங்களை வைத்தியக் கல்லூரி வரை கொண்டுபோனது.

உலகெங்கும் இருந்து இந்த மலரை வாசிக்கும் அக்கா தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். புத்தகம் அனுப்புங்கள், பணமும் அனுப்புங்கள். அதைவிட, வருண் சிங் செய்ததுபோல் ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டீர்கள், எந்த ஆசிரியை கைதூக்கிவிட்டார், பிறகு எப்படி எழுந்தீர்கள் என்று எழுதுங்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளில் வீட்டுக்குப் போகப் பயந்து பஸ் தரிப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தக் கடிதம் தேவைப்படும்.

அந்தக் கடிதங்களை இதே அலுமாரியில் வைப்போம். திறப்பைப் பிள்ளைகளிடம் கொடுப்போம்.