காகிதத்தில் எழுதியிருப்பது என்ன?

(சிங்கப்பெருமாள் கோவிலில், ஆதரவாளர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



புற்றுநோய் சிகிச்சைக்குப் போக இந்த ஊராருக்கு வழி தெரியாமல் இல்லை. மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்து அடையாறு போகிறார்கள். அல்லது செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார்கள். திரும்பும்போது கையில் ஒரு ஃபைல் இருக்கும். அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. காலேஜ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டுவார்கள். அவன் படித்த இங்கிலீஷ் வேறு, அந்தக் காகிதத்து இங்கிலீஷ் வேறு. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு சிகிச்சையை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆகவே இன்று சில சொற்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ‘கட்டி’. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ‘பினைன்’ என்று எழுதியிருந்தால் அது பரவும் தன்மை இல்லாத சாதாரணக் கட்டி. ‘மாலிக்னன்ட்’ என்றால் புற்றுநோய். எது என்று தெரிய ‘பயாப்சி’ செய்ய வேண்டும். அதாவது சிறு துண்டுச் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று நம் தாய்மார் பயப்படுகிறார்கள். முறைப்படி செய்யும் பயாப்சியால் நோய் பரவுவது மிக மிக அரிது. அதற்குப் பயந்து ஆறு மாதம் வீட்டில் இருந்தால், அந்த ஆறு மாதத்தில் நோய் தானாகவே பரவும்.

அடுத்தது ‘ஸ்டேஜ்’. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ஒன்று முதல் நான்கு வரை எண்ணிச் சொல்வது இது. ‘கிரேடு’ என்பது வேறு. அணுக்கள் மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு மாறுபட்டுத் தெரிகின்றன என்பதைக் குறிப்பது. கிரேடு மூன்று என்று இருப்பதைப் பார்த்து மூன்றாம் ஸ்டேஜ் என்று அழுகிறவர்கள் உண்டு. இதைவிடப் பரிதாபமானது ‘சி.ஐ.என். 3’. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் வரும் சொல் இது. மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் குடும்பமே இடிந்துபோகிறது. உண்மையில் அது புற்றுநோயே அல்ல. புற்றுநோய்க்கு முந்தின நிலை. சிறிய சிகிச்சையில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் தீரும் என்று கேட்டுவிட்டுப் போகாமல் இருந்துவிடலாகாது.

‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற இரண்டும் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. பாசிட்டிவ் என்றால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அப்படி இல்லை. ‘நோட் பாசிட்டிவ்’ என்றால் நெறிக்கட்டுகளிலும் நோய் இருக்கிறது என்று அர்த்தம். ‘மார்ஜின் நெகட்டிவ்’ என்றால் வெட்டி எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை. அது நல்ல செய்தி. அதோடு முடிந்ததா? மார்பகப் புற்றுநோயில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று வந்தால், அந்த நோய் ஹார்மோனைப் பிடித்து வளர்கிறது என்று பொருள். அதைத் தடுக்க டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள் உண்டு. அங்கே பாசிட்டிவ் என்பது நமக்கு ஒரு வழியைத் திறக்கிறது. எனவே அந்தச் சொல்லைத் தனியே பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். எதில் பாசிட்டிவ் என்று கேளுங்கள்.

‘மெட்டாஸ்டாசிஸ்’ என்றால் நோய் தொடங்கிய இடத்தை விட்டு வேறு உறுப்புக்குப் போயிருக்கிறது. மார்பிலிருந்து எலும்புக்குப் போனாலும் அது மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்கேற்பவே.

நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்டு வைப்பது’ என்கிறோம். யார் வைத்த பெயரோ, அதனாலேயே பாதிப்பேர் நடுங்குகிறார்கள். உடம்பில் மின்சாரம் ஒன்றும் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிட வலுவான கதிர் அது. கதிர் படும்போது வலியும் தெரியாது. வெளியிலிருந்து மெஷின் மூலம் கதிர் செலுத்தினால் நோயாளியின் உடம்பில் அது தங்குவதில்லை. பாட்டி வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே வைத்துக் கொடுக்கும் சிகிச்சைகளுக்கு வேறு விதிகள் உண்டு. அவற்றை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புவார்கள்.

இன்னொரு சொல், ‘ஐந்தாண்டு பிழைப்பு’. இதைக் கேட்டு, “ஐந்து வருஷம்தான் இருப்பாராம்” என்று நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படியல்ல. அதே நோயுள்ள நூறு பேரில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. அவர்களில் பலர் அதற்கப்புறமும் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லாத வழக்கத்தைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. கிரேக்கர் இதை நண்டு என்றார்கள், நாம் புற்று என்கிறோம். இரண்டுமே பயமுறுத்துகிற பெயர்கள்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரமே 1954இல் அடையாறில் 12 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரியாக எழும்பியது. அன்று மருந்துகள் சொற்பம். இன்று நிலைமை அப்படியல்ல. இருந்தும், “அப்பாவுக்கு வயிற்றுப் புண் என்று சொல்லியிருக்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்” என்று வாசலிலேயே மடக்குகிறார்கள். வயிற்றுப் புண்ணுக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று அந்த அப்பா யோசிக்கமாட்டாரா?

‘பேலியேட்டிவ்’ என்று எழுதினால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் வைத்தியம் அது. மற்ற சிகிச்சையோடு சேர்த்தும் கொடுக்கலாம். மார்ஃபின் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கிடைப்பதே கஷ்டமாயிற்று. 2014இல் செய்த திருத்தம் அந்த விதிகளை எளிதாக்கியது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒரு காரியம். பயாப்சி செய்த இடத்தில் ‘பிளாக்’, ‘ஸ்லைடு’ என்று இரண்டு இருக்கும். பிளாக் என்பது அந்தச் சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்தது. ஸ்லைடு அதிலிருந்து சீவி எடுத்ததை ஒட்டிய கண்ணாடித் தகடு. பெரிய ஆஸ்பத்திரியில் அவற்றைக் கேட்பார்கள். இல்லையென்றால் மறுபடியும் ஊர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. ரிப்போர்ட் வாங்கும் அன்றைக்கே அவ்விரண்டையும் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு ஃபைலோடு வைத்துக்கொள்ளுங்கள்.